கார் ஷெட்டில் அம்மா

தம்பி,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை.

அம்மா என்னிடம்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தேன். ஹாலில் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. திரைச்சீலையெல்லாம் புதுசு. படுத்த படுக்கையான அம்மாவின் கட்டில் மட்டும் கார் ஷெட்டில், பழைய டயர்களுக்கு நடுவே கிடந்தது. ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவர் வர்ற வீடு அக்கா, சுத்தமா இருக்க வேணாமா? மூத்திர நாத்தத்துல யாருக்கு ஜெபம் வரும்?” என்றாய். சொல்ல உனக்கு நாக்கூசவில்லை.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கா அந்த நாற்றம் ஆகாது?

உள்ளே நீங்கள் பாடி முடிப்பதற்குள் அவளை வண்டியில் ஏற்றிவிட்டேன். இனி அவளைத் தேடி இந்தப் பக்கம் வராதே.

இங்கே துணி மாற்றும்போதெல்லாம் அம்மா ஜெபிக்கிறாள்: “எம்புள்ளைய மன்னிச்சிருங்க ஆண்டவரே.”

நான் ஆமென் சொல்வதில்லை.

இப்படிக்கு,
உனக்கு அக்காவாகப் பிறந்துதொலைத்தவள்