வீட்டில் வூ, வகுப்பில் தூ

நவம்பர் 18, திங்கள்

வந்திருந்தவர்கள்: துணைத் தலைமை ஆசிரியை மிஸிஸ் ரென்ஷா. பிரெஞ்சு ஆசிரியை மிஸ் ஹாலம். இவர். நான். மகள் வாசுகி, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில். வேறு யாரும் இல்லை. சுவரில் மகாராணியின் படம். மகாராணியும் இவரும் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

காலையிலிருந்து மழை, காற்று. குடை மறுபக்கம் புரண்டு கம்பி வளைந்துவிட்டது. கார்த்திகைச் சோமவாரம் முதலாவது. வெறும் வயிற்றோடு போனேன்.

விஷயம் இது. வாசு அடுத்த வருடம் ஐந்தாம் ஃபோர்ம், ஊரில் என்றால் பத்தாம் வகுப்பு. பிரெஞ்சில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிரித்து ஒரு வகுப்பு வைக்கிறார்கள், அட்வான்ஸ்ட் பிரெஞ்சு. (இனி அ.பி.) எழுத்துப் பரீட்சையில் வாசு வகுப்பில் இரண்டாவது. அ.பி. பட்டியலில் பெயர் இல்லை. வாய்மொழிப் பரீட்சையில் கவிழ்ந்துவிட்டாளாம். அதே நேரத்தில் டைப்பிங் வகுப்பில் இடம் இருக்கிறதாம். மிஸிஸ் ரென்ஷா அதைப் பரிசு தருவதுபோலச் சொன்னார்.

மிஸ் ஹாலம் விளக்கினார். பிரெஞ்சில் எதிரில் இருப்பவரைக் கூப்பிட இரண்டு சொல். வீட்டாருக்கும் சிநேகிதருக்கும் ஒன்று, மரியாதைக்கு ஒன்று. தாய்க்கு வீட்டுச் சொல்தான். வாசு தாய்க்கு மரியாதைச் சொல்லே சொல்கிறாள். திருத்தித் திருத்திக் களைத்துப்போனாராம். "வேண்டுமென்றே செய்கிறாள்."

தாய்க்கு மரியாதை கொடுப்பது பிழையா என்று கேட்டேன். பிரான்சிலும் சில பழைய பிரபுக் குடும்பங்களில் அப்படிப் பேசுவார்கள், ஆனால் பரீட்சையில் பிழைதான் என்றார்.

இவர் எழுந்து, "தாங்க் யூ. தாங்க் யூ வெரி மச்."

சொல்லவேண்டிய பதில் எனக்குக் கார் நிறுத்திய இடத்தில்தான் வந்தது. வீணாகாமல் இங்கே எழுதி வைக்கிறேன்: அப்படியென்றால் எங்களையும் பிரபுக் குடும்பம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

காரில்:

"ஏன் தாங்க் யூ சொன்னனீங்கள்?"

"வேற என்ன சொல்றது? நீர் சும்மா இரும். டைப்பிங் என்ன, கூடாத படிப்போ?"

பின் சீட்டில் வாசு. கண்ணாடியில் ஊதி, விரலால் கீறி, அழித்து.

விளக்கேற்றிக் கும்பிட்டு ஒரு நேரச் சாப்பாடு. வரவு செலவு எழுதவில்லை. இந்த வீட்டுக்கு வந்தபிறகு எழுதாமல் விட்டது இன்றுதான்.

நவம்பர் 19, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. நேற்றைய ஈரத்துணி, இன்றைய துணி எல்லாம் கொடியில். லைப்ரரிப் புத்தகம் திருப்ப வேண்டும். பால் போத்தல் வெளியே வைக்க மறந்தேன்.

பள்ளிக்கூடத்தால் வந்தவள் நேரே குளியலறைக்குள். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே: தூ. தூ. தூ.

பெற்றவர்கள் மேல் இவ்வளவு ஆத்திரமா?

"ஆருக்குப் பிள்ளை துப்புறாய்?"

கதவு திறந்தது. "துப்பேல்லை அம்மா. படிக்கிறன்."

அடுப்படி ஸ்டூலில் இருத்தி, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்துக் கேட்டேன். உதட்டைக் குவித்துச் சொல்லிக் காட்டினாள். பிரெஞ்சு வீட்டுச் சொல் 'தூ'. மரியாதைச் சொல் 'வூ'.

"மிஸ் ஹாலம் அம்மாவா நடிச்சவ. நான் பீச்சுக்குப் போக அவவிட்டை உத்தரவு கேக்கவேணும். அம்மா எண்டு துடங்கினவுடனை வாயிலை வூ தான் வருது. பிழை எண்டு தெரியும். ஆனா அம்மான்ரை முகத்தைப் பாத்துத் தூ எண்டு எப்பிடிச் சொல்றது? காறித் துப்புற மாதிரியெல்லே?"

"இதை மிஸ்ஸுக்குச் சொன்னனியோ?"

"'ஷீ இஸ் மை மதர், மிஸ்' எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. நான் நக்கல் அடிக்கிறன் எண்டு மிஸ் நினைச்சிட்டா."

சிரிப்பு வந்தது. ஸ்டூலில் இருந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தேன். நான் இவரை நீங்கள் என்கிறேன். இவர் என்னை நீர் என்கிறார். இருவரும் வாசுவை நீ என்கிறோம். அவள் எங்கள் இருவரையும் நீங்கள் என்கிறாள். ஆக எங்களுக்கு மூன்று படி, பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு. நடுப்படியே இல்லாத வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்களோ.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். தையல் போதும் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். இங்கிலீஷ் பிறகு நானே ரேடியோவைக் கேட்டு, பழைய பேப்பர் பார்த்து, அகராதி புரட்டிப் படித்தது. இங்கே தையலுக்கு டைப்பிங் என்று பெயர். தையலிலும் குறை இல்லை, டைப்பிங்கிலும் குறை இல்லை. கேட்டவளுக்குக் கொடுக்கட்டும். கேட்காதவள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

"உனக்கு அந்த வகுப்பு வேணுமோ?"

"வேணும்."

தமிழில் சொன்னாள். வழக்கமாக 'யா' தான்.

நவம்பர் 20, புதன்

வெயில். ஹென்டர்சனிலிருந்து மலேசியாக்காரச் சிநேகிதி லட்சுமி வந்தாள், ஊரிலிருந்து தமக்கை அனுப்பிய மீன்கறித் தூள் கொண்டு. மகன் குமார் கார் ஓட்டி வந்தான். நல்ல பொடியன். ஆனால் வாசலிலேயே: "அம்மா, நீ பேக்க கார்லயே விட்டுட்ட."

எத்தனை வருடப் பழக்கம், ஒவ்வொரு முறையும் இது என் காதில் முள்ளாகக் குத்தும். தாயை நீ என்கிறான். வளர்ப்புச் சரியில்லை என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். இன்று கேட்டே விட்டேன்.

"பிள்ளை நீ எண்டு கூப்பிட உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ?"

லட்சுமிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு ஒரே சிரிப்பு.

"என்னாக்கா நீங்க! பெத்த புள்ள நீன்னு கூப்பிடாம வேற எவன் கூப்பிடுவான்? இவன் என்னை நீங்கன்னு சொன்னா பர்ஸ எடுத்து ஒளிச்சு வச்சுருவேன். ஏதோ கேக்கப் போறான்னு அர்த்தம் லா."

குமார் பிஸ்கட்டை மென்றபடி, "இவங்க ரொம்ப நல்லவங்க, ஆன்ட்டி." தாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டு தமிழ் வீடு. ஒன்று தூ வீடு, ஒன்று வூ வீடு. இரண்டிலும் சோறு வேகிறது. நான் எழுதி வைத்த குறிப்பை அழித்தேன்.

அ.பி. விஷயம் சொன்னேன். அதில் மட்டும் அவள் எதிர்க்கட்சி.

"விடுங்கக்கா. டைப்பிங் படிச்சா உடனே ஆபீஸ் வேலை. பிரெஞ்சு பேசி எந்த மார்க்கெட்ல மீன் வாங்கப் போறா?"

"மீன் வாங்கப் போகேல்லை. அவள் விரும்பின படிப்பை வாங்கப் போறாள்."

"அப்ப சண்டை போடுங்க. நம்மள அமைதியானவங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

கறித்தூளை வெயிலில் வைக்கவேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

தூறல். துணி உள்ளே வெளியே, உள்ளே வெளியே.

பின்னேரம் அடுப்படியில் ஒத்திகை. பிரெஞ்சுத் தாயாக நான். தாய் வேடம் புதிதில்லை, பிரெஞ்சுதான் புதிது. அவள் கேட்கும்போது நான் 'நோன்' (இல்லை) என்றால் போதுமாம். அது எனக்கு இயல்பாக வந்தது.

வாசு தொடங்குவாள், தூ வரும் இடத்தில் நிற்பாள். சிரிப்பு. மறுபடி. அதே இடத்தில் நிற்பாள்.

"சொல்லு. நான் தானே சொல்லச் சொல்றன்."

"ஏலாது அம்மா."

"சாமியறையிலை நான் சிவனை என்னெண்டு கூப்பிடுறன்? நீ எண்டுதானே. அவர் கோவிச்சவரோ?"

யோசித்தாள். "ஏன் சாமிக்கு மட்டும் நீ?"

"தாயிலும் கிட்ட நிக்கிறவர். எட்ட நிக்கிறவைக்குத்தான் நீங்கள்."

"அப்ப நீங்கள் எட்டவோ?"

பருப்பைக் கிண்டினேன்.

"திரும்பி நில்லுங்கோ அம்மா. முகத்தைக் காட்டாதேங்கோ."

சுவரைப் பார்த்து நின்றேன். என் முதுகுக்குச் சொன்னாள். தூ. தெளிவாக. இன்னொன்று. மூன்றாவது சொல்லும்போது இவர் வேலையால் வந்து உள்ளே நுழைந்தார்.

"என்ன பிள்ளை இது! தாய்க்குத் துப்புறியோ?"

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பருப்பு அடிப்பிடித்தது. இவருக்கு விளக்கியபோது இவரும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்தினார். "இவ்வளவு கஷ்டப்பட்டு என்னத்துக்கு?"

சட்டியை ஊறப் போட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

தெற்குக் காற்று, நல்ல குளிர். விளக்குத் தேய்த்தேன். பூவுக்கு வேலியில் ஏதோ வெள்ளைப்பூ. பெயர் தெரியாது, சிவனுக்குத் தெரியும்.

வாசு தானே மிஸ் ஹாலமிடம் போய், இன்னொரு தடவை கேட்கச் சொல்லியிருக்கிறாள். மதிய இடைவேளையில் கேட்டாராம். அதே பீச், அதே அம்மா. ஒரு இடத்திலும் வூ வரவில்லையாம்!

"எப்பிடிச் சொன்னனி?"

"லட்சுமி அன்ரியை நினைச்சன். அவ வீட்டிலை தூ எண்டால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

"மிஸ் என்ன சொன்னவ?"

"'லவ்லி' எண்டவ. பிறகு, பட்டியல் மிஸிஸ் ரென்ஷாட்டைப் போயிட்டுது, தன்ரை கையிலை இல்லை எண்டவ."

பிழை இருந்தபோது பிழைதான் காரணம். பிழை போனபிறகு பட்டியல் காரணம்.

வாசு அழவில்லை. உடுப்பு மாற்றி, கொடியில் இருந்த துணியை எல்லாம் மடித்து வைத்தாள். கேட்காமல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 23, சனி

இவர் புல் வெட்டினார். நான் படியில் நின்று சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"திங்கள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன்."

இயந்திரத்தை நிறுத்தினார். "எனக்கு லீவு எடுக்கேலாது."

"நீங்கள் வரவேண்டாம். பஸ்ஸிலை போவன்."

"போய் என்ன சொல்லப் போறீர்?"

"தாங்க் யூ சொல்ல மாட்டன்."

இயந்திரத்தில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "எங்களைக் கரைச்சல்காரர், சண்டைக்காரர் எண்டு நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

திரும்ப இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். உடனே பிடிக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

இரண்டாவது சோமவாரம். வெயில். நீலச் சேலை, மேலே இவருடைய கம்பளிச் சட்டை. குடை திருத்தவில்லை, தேவைப்படவுமில்லை. பஸ்ஸில் டிரைவரின் பின் சீட். இறங்குகிற எல்லோரும் அவருக்குத் தாங்க் யூ சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

இருந்தவர்கள்: மிஸிஸ் ரென்ஷா, மிஸ் ஹாலம், நான். மகாராணியும்.

மிஸிஸ் ரென்ஷா: "உங்கள் கணவர் போன கிழமை சம்மதித்தாரே."

"அவர் தாங்க் யூ சொன்னார். பஸ் டிரைவருக்கும் நாங்கள் தாங்க் யூதான் சொல்கிறோம். அது சம்மதம் இல்லை."

மிஸ் ஹாலம் குனிந்து காகிதத்தைப் பார்த்தார்.

வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைக்கு இந்த வகுப்பு பாரம், அவள் நன்மைக்குத்தான் என்றார் மிஸிஸ் ரென்ஷா. கோபக்காரர் இல்லை. மெல்லப் பேசுகிறார். அதுதான் பயம். மெல்லச் சொன்னவர்களுக்குத்தான் நான் தலையாட்டியிருக்கிறேன்.

இன்று ஆட்டவில்லை. வீட்டில் இருக்கும் மொழியால் ஒரு பிழை வந்தது, அதை அவள் ஒரு கிழமைக்குள் திருத்திவிட்டாள் என்றேன். அதே பிள்ளைதான் எழுத்தில் இரண்டாவது. பிழைக்கு வீட்டு மொழியைக் காரணம் சொல்கிறவர்கள், இரண்டாவது வந்ததற்கும் அதைக் காரணம் சொல்லவேண்டும் அல்லவா? என் இங்கிலீஷ் நடுவில் இரண்டு இடத்தில் தடக்கியது. எழும்பி நடந்தது.

தூ எங்களுக்கு என்ன சத்தம் என்றும் சொன்னேன். செய்துகாட்டினேன், சத்தம் மட்டும். மிஸ் ஹாலம் வாயைப் பொத்திக்கொண்டார். "அவள் எனக்கு அதைச் சொல்லவில்லையே." முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமை வாசு நன்றாகச் செய்தாள் என்று அவரே மிஸிஸ் ரென்ஷாவுக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உண்மையான பரீட்சையில் பதற்றத்தில் மறுபடி வூ வந்தால்?"

"வகுப்பில் தூ சொல்லுவாள். வீட்டில் வூதான், அதை நான் மாற்றப்போவதில்லை. எப்போதாவது தவறி வந்தால் எங்களையும் அந்தப் பழைய பிரபுக் குடும்பங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்."

ஒரு கிழமை காத்திருந்த பதில். மிஸ் ஹாலம் வாய்விட்டுச் சிரித்தார். மிஸிஸ் ரென்ஷா சிரிக்கவில்லை. யோசித்து அறிவிப்பதாகச் சொன்னார்.

"எப்போது?"

"உரிய நேரத்தில்."

எழுந்தேன். தாங்க் யூ வாய்வரை வந்தது, பழக்கதோஷம். விழுங்கிவிட்டு, "குட் மோர்னிங்" என்று சொல்லி வெளியே வந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. போகட்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

வெயில். துணி ஒரே தடவையில் காய்ந்தது. பால், பாண், பஸ், முத்திரை. விட்ட கணக்கெல்லாம் எழுதி முடித்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றுமில்லை. உரிய நேரம் எப்போது என்று சிவனைக் கேட்டேன். அவரும் யோசிக்கிறார். இவர் காலையில் வாசலில் சப்பாத்துப் போட்டபடி, "பதில் வந்ததோ?" தானாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுதிக் குடும். வாசு கொண்டு போகட்டும்."

எழுதப்போகிறேன். முதலில் இங்கே தமிழில், பிறகு இங்கிலீஷில். இங்கிலீஷில் 'யூ' ஒன்றுதான். மகாராணிக்கும் அதுதான், பால்காரருக்கும் அதுதான். அதற்குள் எந்தப் படியை வைத்து எழுதினேன் என்று மிஸிஸ் ரென்ஷாவுக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. நீ என்பது சிவனுக்கும் வாசுவுக்கும். நடுப்படி இருக்கிறது, நீர்.

மிஸிஸ் ரென்ஷா, வாசுகி என் மகள். அவள் அ.பி. வகுப்பைக் கேட்கிறாள், டைப்பிங்கைக் கேட்கவில்லை. அவளுடைய பெயர் பட்டியலில் உண்டா, இல்லையா? கெதியாய்ப் பதில் சொல்லும்.