குருவி வெடி வைத்துப் பார்த்த காது

மதினி,

ஈஸ்வரியின் உதவித்தொகைப் புத்தகத்தைத் தேடி இன்று காலை உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் கண்ணை மூடிய எட்டு மாதமாக யாரும் தொடாத பெட்டி. அடியில் மதுரைப் பயிற்சி மையத்தின் பச்சை ஃபைல் இருந்தது. முதல் பக்கத்தில் டீச்சர் கையெழுத்தில் ஒரு வரி: ‘தாய்க்கு விவரம் போதாமல் நான்கு வருடம் தாமதம்.’ நீங்கள் சொல்லாமல் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். அந்தப் பழி என்னுடையது, மதினி. அதையும் உங்கள் பேரிலேயே எழுத வைத்துவிட்டீர்கள்.

செல்போன் ஊருக்குள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த காலம். உங்கள் மகள் ஈஸ்வரிக்கு நாலு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு நேரம் கால் தரையில் படாமல் ஓடுவாள். இன்னொரு நேரம் கம்பெனியில் கழித்துப்போட்ட லேபிள்களை வரிசையாக அடுக்குவாள். ஒன்று நகர்ந்தாலும் வீடு இரண்டாகும். “காது கேக்கலையோ தம்பி, மதுரைக்குக் கொண்டுபோவமா?” என்று கேட்டீர்கள். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். வீட்டில் நான்தான் ஆம்பளை. பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன் வேறு, எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்குமா?

“மதுரைக்கு எதுக்கு? இங்கனயே பாத்துருவோம்” என்று, லேபிள் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு குருவி வெடியைக் கொளுத்தினேன். ஈஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பொழுது சாயும்வரை கத்தினாள். நான் சிரித்தேன். “பாத்தீகளா, காது நல்லாத்தான் இருக்கு. அம்புட்டும் கொழுப்பு” என்றேன்.

நீங்கள் விடவில்லை. மதுரைக்குத் துணையாக நானே வந்தேன். டாக்டர் ஆட்டிசம் என்றார், நிலைகொள்ளாத துறுதுறுப்பும் சேர்ந்திருக்கிறது என்றார். வளர்ப்பில் குறையில்லை, வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிவாருங்கள் என்றும் தெளிவாகத்தான் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரைக் கிழித்தெடுத்தேன். “நூறு வரைக்கும் எண்ணுறா. டிவி விளம்பரத்த அப்படியே திருப்பிச் சொல்றா. இவளுக்கா நோவு? இந்தப் பேர வெளிய சொல்லிறாதீக, பெறகு யாரு கட்டுவா?” ஆமத்தூர் தாண்டும்வரை நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “அவ வேணும்னு செய்யல தம்பி” என்று மட்டும் சொன்னீர்கள்.

அண்ணன் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். “காத நானே பாத்துட்டேண்ணே. மதினிதான் செல்லங் குடுத்துக் கெடுத்துருக்காக.” அவன் என்னை நம்பினான். பயிற்சி இல்லை என்றாகிவிட்டது. இருக்கன்குடிக் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டோம். கத்தினால் அவளுக்கு அடி, தடுத்தால் உங்களுக்கு அடி. அந்த நேரங்களில் நான் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கியதில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எட்டு வயதில் பள்ளிக்கூடம் கைவிரித்த பிறகு, யாரிடமும் கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு நீங்களே பஸ் ஏறினீர்கள். சனிக்கிழமைதோறும் போனீர்கள். முதன்முதலாக அவள் வாய்விட்டுத் தண்ணீர் கேட்ட அன்று, “சித்தப்பாகிட்ட கேளு” என்று என்னிடம் அனுப்பினீர்கள். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இன்று மத்தியானம், ஃபைலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் கைப்பிள்ளையோடு வந்தாள். “மாமா, கூப்பிட்டா இவ திரும்ப மாட்டேங்கா. ஒரு வெடி போட்டுப் பாப்பமான்னு எங்க வீட்ல சொல்றாக.”

“வேண்டாந்தாயி” என்று எழுந்துவிட்டேன். “சத்தம் கேட்டாலும் பேருக்குத் திரும்பாத பிள்ளைக இருக்கு. டாக்டர்ட்ட காட்டு. எங்க வீட்லயும் ஒரு தடவ இப்படித் தப்பு நடந்துபோச்சு.”

“யாரு மாமா செஞ்சா?”

எழுந்ததில் கீழே விழுந்த ஃபைலைக் குனிந்து எடுத்தேன். ஈஸ்வரி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “சித்தப்பா. குருவி வெடி. சிரிச்சாக.”

அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

“ஆமாம்மா, நாந்தான்” என்றேன். உங்களிடம் ஒருநாளும் சொல்லாததை யாரோ வீட்டு மருமகளிடம் சொன்னேன், மதினி.