பன்னிரண்டாம் மணியில் நின்ற வண்டி

வைகாசி 9, வியாழன்

காலையிலேயே அனல். ஆற்றில் சொட்டு நீரில்லை. நாற்றங்காலுக்கு மோட்டார் நீர்தான். இவர் வயலுக்குப் போனதும் கணினி என் வசம்.

கார் கட்டும் இணைய விளையாட்டில் ஞாயிறன்று போட்டி. விதி: எழுபது ஆண்டுக்கு முந்தைய பாணியில் பந்தய வண்டி, இருபத்து நான்கு மணி நேரம் ஓடித் தாங்க வேண்டும். வடிவமைத்து அனுப்பினால் போதும், நடத்துபவர் திரையில் ஓடவிடுவார். குழுவில் இருவர்: நானும், குவைத்தில் மெக்கானிக்காக இருக்கும் கொழுந்தனார் சேகரும். வண்டி முழுதும் என் வடிவமைப்பு. வண்ணமும் இருக்கையும் மட்டும் அவர் பொறுப்பு.

முடிந்தவை: ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர். பிரேக்.
மீதி: கியர் விகிதம், பெட்ரோல் டாங்க், காற்று நுழையும் முன் கிரில்.

கிரில் சிறிதாகவே இருக்கும். அகன்ற வாய் வேகத்தைத் தின்னும். இன்ஜின் சூடாகிவிடுமாம், சேகர் சொல்கிறார்! மின் இணைப்பு வருமுன் ஏழு குறுவைப் போகத்துக்கு நீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை ஓட்டியவள் நான். ஒருநாளும் சூட்டில் நின்றதில்லை.

எதிர்வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்து, “ஏங்க்கா, ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாது, ரேஸ் காரு செய்றீங்களாக்கும்?”

“தேர் செஞ்ச ஆசாரியா வந்து தேர இழுக்கறாரு?”

சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது?

வைகாசி 11, சனி

கோபத்தில் எழுத்தெல்லாம் கோணல்.

இறுதியாகச் சரிபார்க்கத் திறந்தால், கிரில் இருமடங்கு அகலம். நான் செய்யவில்லை. செய்யக்கூடியவர் இன்னும் ஒருவரே. உடனே ஃபோன்.

“ஆமாண்ணி, நான்தான். சின்ன மாத்தம்தானே. ஹீட் ஆயிடும்ல.”

“என்னைக் கேட்டீங்களா தம்பி?”

“கேட்டா விட மாட்டீங்களே.”

“அதனால கேக்கல?”

“இல்லண்ணி, நான் டிப்ளமோல இதெல்லாம்...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தியது அதைவிட மோசம். பத்தாம் வகுப்போடு நின்றவள் என்பதை மீதிப் பாதியாக நானே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கியர் கணக்கைக் கற்றவள். எவரும் சொல்லித் தரவில்லை. சேகர் வந்து திருத்துகிறார், அனுமதியின்றி!

பழைய அளவை மீட்டேன். அனுப்பியாயிற்று.

வைகாசி 12, ஞாயிறு

மூன்று மணிக்குத் தொடக்கம். இருபத்து நான்கு மணி நேரத்தை இரண்டு மணி நேரத்தில் சுருக்கி ஓட்டுகிறார்கள். இருபது வண்டிகள். இவரும் வந்து உட்கார்ந்தார், வறுத்த கடலையோடு.

பந்தயக் கணக்கில் ஆறாம் மணி: ஏழாமிடம்.
ஒன்பதாம் மணி: மூன்றாமிடம்! நேர்ப்பாதையில் எவரும் நெருங்கவில்லை.

“ஏ, நம்ம வண்டி!” என்றார் இவர். நம்ம வண்டியாம்.

பதினோராம் மணி: வெப்பமுள் சிவப்பில்.
பன்னிரண்டு: இன்ஜின் மூடிக்கு அடித்தகடான ஹெட் கேஸ்கெட் சூட்டில் போயிற்று. வண்டி ஓரத்தில்.

இவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, “சேகர் ஏதோ சொன்னான்னியே...”

எழுந்து வந்துவிட்டேன்.

வைகாசி 13, திங்கள்

பால் காய்ச்சும்போது புரிந்தது. ஆயில் இன்ஜின், தான் இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு பங்கை வாங்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். சூடான நீர் வாய்க்காலோடு போய்விடும்; ஆழ்குழாயிலிருந்து புதுநீர் வந்துகொண்டே இருக்கும். பந்தயப் பாதையில் ஏது ஆழ்குழாய்? அங்கே காற்று ஒன்றுதான். அது நுழையும் வழியைத்தான் நான் அடைத்தேன்.

தவறு என்னுடையது. எழுதிவிட்டேன். கேட்காமல் கைவைத்ததும் தவறே, அதில் மாற்றமில்லை.

வைகாசி 14, செவ்வாய்

புழுக்கம். முடிவுப் பட்டியல் வந்தது. எங்கள் வண்டி பதினான்காம் வரிசை. வடிவமைப்பு: சேகர். நின்ற காரணம்: சேகர் கிரில்லைச் சுருக்கியது. என் பெயரே இல்லை! சேகருக்கு ஃபோன்.

“நான்தாண்ணி அப்படிப் போடச் சொன்னேன். நாலு பேரு பாக்கறது. உங்களுக்கு எதுக்கு அசிங்கம்?”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“அய்யோ, மறுபடியும் கேக்கலைல...”

முதலில் என் வண்டியில் கைவைத்தார்; இப்போது என் தவற்றில். கருணையாம்!

நடத்துபவருக்கு எழுதினேன்: ‘வண்ணமும் இருக்கையும் தவிர வண்டி என் வடிவமைப்பு. கிரில்லைச் சுருக்கியவளும் நானே. சேகர் எச்சரித்தார்; நான் ஏற்கவில்லை. பட்டியலைத் திருத்தித் தருக.’ ‘சேகர் எச்சரித்தார்’ என்ற வாக்கியத்திற்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று.

மாலையில் திருத்தம். பதினான்காம் வரிசை. தலைப்பெழுத்தோடு என் முழுப்பெயர், எதிரே, நின்ற காரணம்: கிரில்லைச் சுருக்கியது. வயலிலிருந்து வந்தவரைக் கால் கழுவக்கூட விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.