அனுபவமுள்ள தொழிலாளி போதும்

செப்டம்பர் 30
நாளைக்கு ஆயுத பூஜை. மெஷினெல்லாம் கழுவிப் பச்சை பெயின்ட் அடிச்சாச்சு. துணி மேல பூச்சு எவ்வளவு கனமா ஏறுதுன்னு அளக்கிற கேஜுக்கும் சேர்த்துத்தான். அதுக்குள்ள கொஞ்சம் அணுச் சரக்கு இருக்கு; வெளியே மூணு இறக்கை போட்ட மஞ்சள் எச்சரிக்கை. அது மேலயும் பெயின்டர் இழுத்து விட்டுட்டான். நல்லதாப் போச்சு, பார்க்கவே மூதேவி மாதிரி இருந்தது. துணி வாங்கற பையர் வந்து பார்த்து மிரண்டா யார் பதில் சொல்றது? சந்தனம், குங்குமம் வெச்சாச்சு.

அக்டோபர் 6
கேஜ் தப்புத் தப்பா அளக்குது. பெயின்ட் உள்ள இறங்கியிருக்கு. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வர ஒரு வாரமாம். ஷிப்மென்ட் என்ன, அவன் மாமனார் ஊட்டு விருந்தா, காத்துக்கிட்டு இருக்க? ஃபிட்டர் குணாவைக் கழட்டச் சொன்னேன்.
"அதைத் தொடக்கூடாதும்பாங்களே மொதலாளி?"
"தொட்டாக் கடிக்குமா? தொடைச்சுட்டு மாட்டுப்பா."
மடியில் வெச்சு, உள்ளே விரலை விட்டுச் சுரண்டிச் சரி பண்ணிட்டான்.

அக்டோபர் 22
குணாவுக்கு வலது கை விரலெல்லாம் செவந்து கொப்புளம். சாயம் பட்டிருக்கும்னேன். வீரபாண்டிச் சாயப்பட்டறையில் யாருக்குத்தான் கை வேகல? களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 12
அணுவை ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் பயன்படுத்த நாடு முழுசுக்கும் புது விதிகள் எழுதறாங்களாம். கோயமுத்தூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். "தரணி, நீதான் பேசோணும், உங்கிட்டத்தானே கேஜ் இருக்குது" என்றார் எங்க முதலாளிகள் சங்கத் தலைவர் தனபால். வரைவைப் படிச்சதும் வயிறு எரிஞ்சது. கருவி இருக்கிற இடத்திலெல்லாம் பயிற்சி எடுத்த பாதுகாப்பு அதிகாரி வேணுமாம்!

நவம்பர் 19
பேசிட்டேன். "எங்க யூனிட்டுல இதுவரைக்கும் ஒரு கீறல் இல்லீங்க. படிச்சுட்டு வர்ற அதிகாரி எதுக்குங்க? கருவியோட புழங்கற அனுபவமுள்ள தொழிலாளியே பொறுப்பாளரா இருந்தாப் போதுங்க." ஒரே கைதட்டல். டெல்லி அதிகாரி குறிச்சுக்கிட்டார்.
வெளியே வந்ததும் குணா சம்சாரம் சித்ரகலா போன். "விரல் கருத்துப் போச்சுங்க. என்னத்தைத் தொட்டாருன்னு டாக்டர் கேக்கறாருங்க. என்ன சொல்லட்டுங்க?"
 உண்மையைச் சொன்னா? கேஜ் போகும், லைசென்ஸ் போகும், அவ புருஷன் வேலையும்தானே போகும்! சாயம்னு சொல்லும்மான்னேன். அவளுக்காகத்தான்.

ஜனவரி 8
குணாவுக்கு மூணு விரலை எடுத்துட்டாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். சித்ரகலா என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. என்ன பார்வை அது — நானா வெட்டினேன்?

மார்ச் 17
விதிகள் வந்தாச்சு. சின்ன யூனிட்டுக்கு 'அனுபவமுள்ள தொழிலாளி' போதும். அப்படியே என் வார்த்தை! தனபால் சால்வை போத்தினார்.

ஏப்ரல் 2
சித்ரகலா வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கா. சண்டாளி. அந்தாளு இது அணுக்கதிர் பட்ட புண்ணுன்னு மேலதிகாரிகளுக்கு எழுதிட்டான். அடுத்த வாரம் நம்ம யூனிட்டுல சோதனை.
வக்கீல் அசரவே இல்லை. "கருவியில எது நடந்தாலும் பொறுப்பாளர்தாங்க பதில் சொல்லோணும். போன வருஷமே ஒருத்தரை நியமிச்ச மாதிரி முன்தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

ஏப்ரல் 4
குணாவை வரச் சொன்னேன். பொறுப்பாளர்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "கை போனவனுக்குப் பதவி குடுக்கறீங்க. நீங்க நல்லா இருக்கோணுங்க மொதலாளி." பேனாவை எடுத்தவன் தயங்கினான்.
"இடது கையில போட்டாச் செல்லுங்களா?"
செல்லும்னேன்.