கை கழுவிய தண்ணீர்

அன்பு மகளே,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டுவும் அதே தயவுக்குள் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு இதை நானே என் கையால் எழுதுகிறேன், நம்பு. டயர் கழற்றிப் பழகிய விரல்களுக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது, ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் எழுதிய வரியைத் திரும்ப வாசிக்கும்போது இந்தக் கிழவனா எழுதினான் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்து இவ்வளவு அசிங்கமான விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். இங்கிருந்து விமானம் ஏறி உங்கள் ஊருக்கு வரும் மாப்பிள்ளையின் சிநேகிதர் உன்னிடம் இந்தக் கடிதத்தை மட்டும்தான் தருவார். வாண்டுவின் இருதய ஆபரேஷனுக்கு முன்னால் அவன் வாயில் ஊற்ற வேண்டுமென்று அம்மாவிடம் நீ கேட்டிருந்த பாட்டில் வராது. ஏனென்று சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

போன வாரம் வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன், பால் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது, தண்ணீர்தானே என்று மடமடவென்று குடித்துவிட்டேன். சோப்பும் பழைய கொழுப்பும் சேர்ந்த ஒரு ருசி, அதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, "பிள்ளைக்குன்னு வச்சிருந்ததை இப்படி வீணாக்கிட்டீங்களே மனுஷா"ன்னு தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் அது குடித்தால் வியாதி போகுமென்று எல்லாரும் வாங்கிப் போகிற, ஜெபவீட்டுப் பிரசங்கியார் கை கழுவிய தண்ணீர் என்று எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பிடித்து வர அவளோடு போனேன், கண்ணால் பார்த்தேன். மனிதர் சாப்பிட்டுவிட்டு வந்து கை கழுவுகிறார், வாயும் கொப்பளிக்கிறார், உதவியாள் கீழே வாளியை வைத்துப் பிடித்துப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் ஊற்றுகிறான், மேலே எண்ணெய் மினுமினுக்கிறது, பல்லிடுக்கிலிருந்து வந்த துணுக்கும் மிதக்கிறது, அதற்கு வரிசையில் தள்ளுமுள்ளு. நான் குடித்த கதை அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உதவியாள் மைக்கை என் கையில் திணித்து, "முழங்கால் வலி போயிருச்சுன்னு ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க பெரியவரே"ன்னான். முழங்கால் அப்படியேதான் இருக்கு, வயிறுதான் ரெண்டு நாளா நிக்காம ஓடுதுன்னு சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தார்கள். பிரசங்கியார் எனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தண்ணீரைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது எது தெரியுமா, அங்கே வாய் இயேசுவே என்று பாடுகிறது, கண்ணெல்லாம் அந்த மனிதர் பின்னால் போகிறது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "ஐயா இருக்காரு, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அழுகிறாள். சிலுவை இருந்த சுவரில் இப்போது அவருடைய படம், சிலுவையைக் கழற்றிச் செருப்பு விடும் மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் பிறர் வாசிக்கக் கேட்டவன், இப்போது வேதத்தை எழுத்துக் கூட்டி நானே வாசிக்கிறேன். இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த அன்றைக்கு, இந்தப் பழி எனக்கில்லை என்று கை கழுவிய அதிபதி ஒருவன் இருந்தான் மகளே, ஜனங்களுக்கு முன்னால் தண்ணீர் எடுத்துக் கழுவினான். அந்தத் தண்ணீரால் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆணி அடிக்கக் கையை நீட்டிக் கொடுத்தவராலேதான் பிழைத்தோம். இதை வாசித்த அன்று எழுந்து சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை.

உன் அம்மா விடுவாளா, இன்னொரு பாட்டில் பிடித்து வந்துவிட்டாள். சிநேகிதர் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பறிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. "வாண்டுவுக்குக் கொடுக்கலாம்னா முதல்ல நீ ஒரு மடக்கு குடி, அப்புறம் அனுப்பு"ன்னு மட்டும் சொன்னேன். மூடியைத் திறந்தாள், மோந்து பார்த்தாள், என்னை முறைத்தாள், மறுபடியும் மோந்து பார்த்தாள். பிறகு தொட்டியில் கவிழ்த்துவிட்டு, "இப்ப என் பேரனுக்கு நான் என்னத்தை அனுப்புவேன்"ன்னு கேட்டு உடைந்து அழுதாள். சிநேகிதரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பாவம் அவர் மூன்றாவது டீ குடிக்கிறார்.

மகளே, ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதே, டாக்டர் சொல்வதைக் கேள். பாட்டில் வராததால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ராத்திரியில் பயம் வரும், அப்போது எந்த மனிதர் முகத்தையும் நினைக்காதே, இயேசுவைப் பார். அவர் பாட்டிலில் ஏறி விமானத்தில் வர வேண்டியதில்லை, உன் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார். வாண்டு கண்ணைத் திறந்ததும் எந்த நேரமானாலும் போன் போடு. அவனுக்கும் மாப்பிள்ளைக்கும் உனக்கும் கர்த்தருடைய சமாதானம் நிறைவாக இருப்பதாக.

உன் அம்மா இந்த நிமிஷம் சமையலறைத் தரையில் முழங்காலில் நிற்கிறாள். ஐயாவின் பெயரை ஒரு தடவையும் சொல்லவில்லை, இயேசுவே என் பிள்ளை, இயேசுவே என் பிள்ளை என்றுதான் கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா