பச்சையை விட்டுடுங்க

முல்லா வீதி, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளை பரீதாவும் நலம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்; கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீடியோவில் என் முகமே சரியில்லை என்றீர்கள். பக்கத்தில் உங்கள் அத்தா இருந்ததால் தலைவலி என்று பொய் சொன்னேன். உண்மையை இதில் எழுதி, செவ்வாய்க்கிழமை பாரிஸ் கிளம்பும் சுலோசனா அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அத்தாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். மாமா கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு மீன் வாங்கக் கிளம்பிவிடுகிறார். தெருவே சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என் வேலையை 'மாவுக் கணக்கு' என்று கேலி செய்வீர்களே, வினை அதில்தான் வந்தது. இடுப்பு மூட்டில் வைக்கும் பந்துக்காக செராமிக் பவுடரை அச்சில் அழுத்தும்போது ஓரத்தில் உரசி, ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் உட்காரும். சூளையில் சுடும்போது தளர்ந்த பக்கம் அதிகம் சுருங்கி, உள்ளே விரிசல் விழும். வெளியே கண்ணாடி மாதிரி பளபளக்கும். எது விரியும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஐப்பசி மழையில் பவுடர் ஈரம் இழுத்திருந்தது. அந்த ஈரத்தையும் சேர்த்துக் கணக்கை ஓடவிட்டுத்தான் லீவில் வந்தேன். மாமாவை அட்மிட் செய்யும் வரிசையில் நிற்கும்போது முடிவு போனில் வந்தது. அந்த வாரம் செய்த இடுப்புப் பந்துகள் எல்லாமே சந்தேகம்.

அங்கிருந்தே பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த இளம்பரிதிக்குப் போன் போட்டு, "பச்சைய விட்டுடுங்க, மத்தத நிறுத்துங்க" என்றேன். எங்கள் லேபில் பச்சை என்றால் சுடாத பந்து. அதை யாரும் தொட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பேக்கிங்கில் பச்சை என்றால் அளவு சரியென்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பந்து. அவர் ஏழு பந்துகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டார். பிறகு கேட்டபோது, "நீங்கதான மேடம் பச்சைய உட்டுட சொன்னீங்க" என்று கண் கலங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆறு பந்துகள் வியாழக்கிழமைதான் திரும்பி வந்தன. அறுத்துப் பார்த்ததில் இரண்டில் மயிரிழை விரிசல். ஏழாவதின் நம்பர் மாமாவின் டிஸ்சார்ஜ் பேப்பரில் ஒட்டியிருக்கிறது. எங்கள் கம்பெனிப் பந்துதான் வேண்டும் என்று டாக்டரிடம் அடம்பிடித்து வாங்கியவளும் நானேதான் மச்சான்.

"நல்லாத்தான நடக்கறாரு, ஏம்மா கெளப்புற?" என்கிறார் மேனேஜர். நான் கேட்கவில்லை, விரிசல் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். புதன்கிழமை டாக்டரிடமும் சொல்லப்போகிறேன். அன்றைக்கே இது உங்கள் கைக்கு வந்துவிடும். அப்படியே விட்டால், அதிலும் விரிசல் இருந்து உடைந்த அன்று உள்ளேயே தூளாகிவிடும். எடுப்பதென்றால் எழுபத்திரண்டு வயதில், இந்தச் சர்க்கரையோடு, மறுபடியும் கத்தி. எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. எதற்கும் கையெழுத்துப் போட மகன் பக்கத்தில் வேண்டும். லீவு கேளுங்கள்.

இன்னொன்று. நாற்காலியில் தொழுதது போதும், வருகிற வெள்ளி ஜும்ஆவிலிருந்து குனிந்து தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்வேன் என்கிறார் மாமா. "எம் மருமவ செஞ்ச இடுப்பு, எனக்கென்ன பயம்?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். வெள்ளிக்கு முன் போன் செய்து, நாற்காலியை விட வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

தொழுது முடித்ததும் எனக்காகத்தான் முதலில் துஆ கேட்கிறார், மச்சான். அடுத்த அறையில் நின்று அதைக் கேட்க என்னால் முடியவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

அல்லாஹ் அவரை நம்மிடமே வைத்திருக்கட்டும்.

உங்கள்
நூரீன்