சுவிட்சை அணைப்பது நல்லது

4 பிப்ரவரி 1989

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. எட்டு மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன், அதுவும் உங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு வந்திருக்கிற புது மெஷினின் இங்கிலீஷ் புத்தகத்தில் குத்தியிருந்த துண்டுச்சீட்டில். “தமிழில் வேண்டும், சீக்கிரம்.” அதையும் ஒரு கடிதம் என்று சேர்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நாற்பத்தாறு பக்கமும் முடிந்துவிட்டது. பகலில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் இலக்கணம், சாயங்காலம் உன் மெஷினுக்குத் தமிழ். பசை உருளையும் வெட்டுக்கத்தியும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

ஒரே ஒரு சந்தேகம், பத்தொன்பதாம் பக்கத்தில். கத்திக்கு அடியில் அட்டை சிக்கிக்கொண்டால், கையை உள்ளே விடுமுன் மெயின் சுவிட்சை அணைப்பது பற்றிய வரி. புத்தகம் முழுக்க ‘மஸ்ட்’ போட்டவன் இங்கே மட்டும் ‘ஷுட்’ போட்டிருக்கிறான். என் வகுப்புப் பெண்களை அழவைக்கிற சொல் அது. டாக்டர் சொன்னால் அறிவுரை, மேலதிகாரி சொன்னால் உத்தரவு. பஸ் இந்நேரம் வந்திருக்கணுமே என்று நாம் தெருவைப் பார்க்கும்போது வெறும் எதிர்பார்ப்பு. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல முடியும். தமிழில் ‘அணைக்க வேண்டும்’ என்று எழுதினால் கட்டாயம். ‘அணைப்பது நல்லது’ என்று எழுதினால் அவரவர் இஷ்டம். நான் ‘வேண்டும்’ போட நினைக்கிறேன். மெஷினைப் பார்த்தவன் நீ. பதில் போடு.

வயிற்றுவலி எப்படி இருக்கிறது? டீயைக் குறைத்தாயா?

உன் அன்புத் தங்கை


9 பிப்ரவரி 1989

அன்புத் தங்கை வாத்தியாரம்மாவுக்கு,

ஒரு துண்டுச்சீட்டுக்கு இவ்வளவு குத்தலா? கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். “உங்களுக்கு நல்லா வேணும்” என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு கிடையாது. டீ குறையவில்லை, வலியும் குறையவில்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். ‘நல்லது’ என்றே போடு. மெயின் சுவிட்சை அணைத்தால் பசை ஆறிப்போகும். மறுபடி சூடேற கால் மணி நேரம். ஒரு ஷிஃப்டுக்கு நாலைந்து முறை அட்டை சிக்கும். ஒவ்வொரு முறையும் அணைத்துக்கொண்டிருந்தால் பெட்டி எப்போது வெளியே போவது? மேனேஜரிடமும் கேட்டுவிட்டேன். “கட்டாயம்னா அவனே மஸ்ட் போட்டிருப்பான்ல? நாம ஏன் கூட்டிச் சொல்லணும்?” என்கிறார். அந்தப் பக்கத்தைப் பலகையில் எழுதி மெஷினுக்கு எதிரே மாட்டப் போகிறோம். ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டால் அப்புறம் ஆட்கள் அதைக் காட்டியே வேலையை நிறுத்துவார்கள்.

சூப்பர்வைசர் வேலையிலிருந்து உதவி மேனேஜர் பதவிக்கு என் பெயர் அடிபடுகிறது. யாரிடமும் சொல்லாதே. அண்ணியிடமே இன்னும் சொல்லவில்லை.

உன் அண்ணன்


14 பிப்ரவரி 1989

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். “சுவிட்சை அணைப்பது நல்லது.” எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடப்பது நல்லது என்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் மெஷின் உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது.

பதவிச் செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் தலையணையிடம் தவிர.

தங்கை


22 ஜூலை 1989

அன்புத் தங்கைக்கு,

இதை நீ மட்டும் படி.

போன வியாழக்கிழமை காலை ஷிஃப்டில், அந்த மெஷினில் வேலை செய்த பெண்ணின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அட்டை சிக்கி, எடுக்கக் கைவிட்டிருக்கிறாள். கத்தி இறங்கிவிட்டது. சுவிட்சை அணைக்கவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டையை அண்ணி துவைக்க மாட்டேன் என்று எரித்துவிட்டாள்.

தொழிலாளர் அதிகாரி விசாரணை நடத்தப் போகிறார். பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ‘நல்லது’ என்று ஏன் எழுதினீர்கள் என்பதுதான் இப்போது கேள்வி. கம்பெனி வக்கீல் ஒரு வழி சொல்கிறார். புத்தகத்தில் ஷுட் என்று இருக்கிறது, தொழிற்சாலையில் ஷுட் என்றால் உத்தரவுதான், மொழிபெயர்ப்பில் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்கிறார்.

உனக்கு ஒன்றும் ஆகாது. நீ இங்கே வேலை பார்ப்பவள் இல்லை. கூப்பிடுவார்கள். வந்து, “எனக்கு அப்படித்தான் அர்த்தம் தெரிந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிப்ரவரியில் நான் எழுதிய கடிதம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்


28 ஜூலை 1989

அண்ணா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. கத்தி, அட்டை, கை என்று தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எழுதியவள் நான். அந்த இடம் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் தெரியாமல் எழுதினேன் என்று சொல்லச் சொல்கிறாய். பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் இந்த ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் எழுதிப் போடுகிறவள், எனக்கு அது தெரியாது என்று அதிகாரி முன்னால் நின்று சொல்ல வேண்டும். அது உனக்கு ‘ஒரு வார்த்தை.’

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். சுவிட்சை அணைக்கணும் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது வாயால் சொல்லித் தந்தீர்களா? பலகையை விடு. மனுஷர் யாராவது சொன்னார்களா?

தங்கை


3 ஆகஸ்ட் 1989

தங்கைக்கு,

கேள்வி கேட்க இதுவா நேரம்? அவள் பழைய மெஷினையும் சேர்த்து மூன்று வருஷமாக நிற்பவள், சின்னக் குழந்தை இல்லை. சுவிட்சை அணைத்திருக்க வேண்டும், அணைக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் எதையும் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை. ஆனால் நிச்சயம் ஆனபிறகு, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று நீ சொன்ன அன்றைக்கு நினைத்துப் பார். அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தினார். அம்மா படுத்த படுக்கையானாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போய், கூடத்தில் நின்று, அத்தனை பேர் வாயிலும் விழுந்தது யார்? ஏன் வேண்டாம் என்று நான் உன்னைக் கேட்டேனா? இன்று வரை கேட்டதுண்டா?

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. உனக்குத் தபால் வரும். கடிதத்தைக் கிழித்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

அண்ணன்


20 ஆகஸ்ட் 1989

அண்ணா,

நீ கேட்டதைச் செய்தேன். நீ எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். “ஷுட் என்றால் ‘செய்தால் நல்லது’ என்றுதான் எனக்குத் தெரியும்” என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எத்தனை வருஷமா இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்க?” என்று கேட்டார். பதினாறு என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ மேனேஜரோடு காரில் போய்விட்டாய். நான் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தேன். அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வலது கையைக் கட்டோடு நெஞ்சில் சேர்த்துப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“டீச்சர், நீங்க எதுக்கு அழறீங்க? நீங்க எழுதினத நான் படிக்கவே இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் யார் உனக்கு வேலை சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன்.

“சூப்பர்வைசர் சார்தான். புது மெஷின் வந்த மொத நாளு நான் சுவிட்ச அணைச்சேன். ‘யாரக் கேட்டு அணைச்ச? இன்னொரு தடவ அணைச்சா வீட்டுக்குப் போயிடு’ன்னாரு. அதுக்கப்புறம் தொடவே இல்ல.”

உள்ளே ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன். “பலகைல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமான்னு கேட்டாங்க, தெரியாதுன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. சாரும் எதிர்லயே உக்காந்திருந்தாரு” என்றாள். நீ என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

என்னிடம் ஷுட்டா மஸ்ட்டா என்று வாதாடினாயே அண்ணா, அவளிடம் நேராக ‘அணைக்கக் கூடாது’ என்று சொல்லியிருக்கிறாய். என் தமிழுக்கும் அந்த மூன்று விரலுக்கும் சம்பந்தமே இல்லை. உனக்கு ஒளிந்துகொள்ள ஒரு பலகை தேவைப்பட்டது. அதற்கு என் கையெழுத்து.

அப்பா முன்னால் நீ எனக்காக நின்றதை நான் மறக்கவில்லை. அந்த நன்றிக்காகத்தான் பதினேழாம் தேதி பொய் சொன்னேன். நான் சொன்ன பொய் உன்னோடு நிற்கவில்லை, அவள் மேல் போய் விழுந்தது. கம்பெனி மேல் தப்பில்லை என்றால் அவளுக்கு நஷ்டஈடு கிடையாது. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். நான் முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார், அவள் இடது கைக் கட்டைவிரலை வைத்தாள். உன் பிப்ரவரி கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். உனக்குத் தபால் வருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நான் சொன்னது பள்ளிக்கூடம் வரை போய், தலைமையாசிரியை என்னை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். நாளையிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தர வேண்டும்.

வயிற்றைக் கவனித்துக்கொள். அண்ணியிடம் நானே வந்து பேசட்டுமா?

தங்கை


11 நவம்பர் 1989

ஆசிரியை அவர்களுக்கு,

விசாரணைக்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதங்கள் நான்கும் கிடைத்தன. முதல் கடிதத்தை மட்டும் படித்தேன்.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குடியிருப்பையும் காலி செய்தாயிற்று. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எனக்குச் சொன்னதெல்லாம் வாயால் சொன்னது. நான் அவளுக்குச் சொன்னதும் வாயால்தான். எழுத்தில் இருந்தது உங்களுக்கு நான் எழுதிய ஒரு கடிதம். தங்கச்சிதானே என்று, மனசில் இருப்பதை மறைக்காமல் எழுதினேன். எனக்கு வேண்டியதுதான்.

அணைக்காதே என்று அவளிடம் சொன்னது நான்தான். அதை இல்லையென்று சொல்லவில்லை. ராத்திரி பகல் அவள் அலறிய சத்தம் என் காதில் இருக்கிறது. ஆனால் அதை நீ என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். என் வீட்டுக் கதவைத் தட்டி, “அண்ணா, வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வந்துடுவோம்” என்று கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. கூப்பிடவாவது செய்திருக்கலாம்.

போன வாரம் என் சாமான்களை எடுக்கத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், ஷிஃப்டுக்கு மணி அடிக்கிற வேலை. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். உள்ளே புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில், ‘சுவிட்சைக் கட்டாயம் அணைக்க வேண்டும்’ என்று. அதன் அடியில் வேறொரு பெண் நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டை சிக்கியது. அவள் புது சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அணைக்காமலே கையை உள்ளே விட்டாள்.

இதற்காகத்தான் நம் இரண்டு பேருக்கும் இப்படி ஆனது.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். அண்ணியைப் பார்க்கவும் வர வேண்டாம். பிள்ளைகளிடம் நீங்கள் வெளியூர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சூப்பர்வைசர்